சைகோன்காரர் கலந்த ஒயின்

எங்கள் வீட்டுச் சமையலை "நன்றாக இருக்கிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு யாரும் கை கழுவப் போய்விட முடியாது. சைகோன்காரர் விடமாட்டார். பின்கட்டு வராந்தாவில், எங்கள் கார் டிரைவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார். வாயில் போட்ட கவளம் ஒரு கன்னத்தில் உப்பிக்கொண்டு நிற்க, "நல்லா இருக்கறது இருக்கட்டுங்க. என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க" என்பார். டிரைவர் ஒரு நாள் பொறுமையிழந்து சோறு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதற்கும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய அரிசியா, புது அரிசியா என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

பரிமாற நிற்பவர்களில் அவருக்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. திருச்சி கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்த வாய் சும்மா இருக்குமா? ரசத்தில் புளி புதுசு, மிளகு முந்திக்கொண்டுவிட்டது, பெருங்காயம் கடைசியில்தான் எட்டிப் பார்க்கிறது என்று சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் சொல்லி முடித்த பிறகுதான் விழுங்குவார். அப்போது அவர் முகத்தில் வரும் திருப்தியைப் பார்க்கவே இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லலாம் போலிருக்கும். கல்யாணமாகி எட்டாம் மாதம் என் கணவர் மூன்று வருஷத் தவணைக்குச் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். அத்தனை பெரிய வீட்டில் என் அபிப்பிராயம் யாருக்கும் தேவைப்படவில்லை. அதைக் கேட்பதற்கென்று ஒருவர் இலை போட்டு உட்கார்ந்திருந்தது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் சைகோன்காரர்தான். சொந்த ஊர் ஆவூர். அங்கிருந்து இளவயதில் கப்பலேறி, சைகோனில் ஒரு பிரெஞ்சு ஒயின் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். என் மாமனாரும் அந்த ஊரில் கடை வைத்திருந்தவர் என்பதால் இருவருக்கும் அங்கேயே பழக்கம். தாயார் சாகக் கிடக்கிறாள் என்று ஆவூருக்குத் திரும்பி வந்தவர் பிறகு போகவில்லை. திருமயத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊருக்கு அவரை அழைத்து வந்து, கார் கொட்டகையை ஒட்டிய அறையைக் கொடுத்து, சைகோனிலிருந்து வருகிற பிரெஞ்சுக் கடிதங்களைப் படித்துச் சொல்ல வைத்துக்கொண்டார் மாமனார்.

ஒயின் கிட்டங்கியில் இருபது வருஷம் என்றதும் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. மனிதர் மொடாக்குடியராக இருக்கவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவரோ ஒரு சொட்டு விழுங்கியதில்லை. வாயில் விட்டு, நாலு பக்கமும் உருட்டிவிட்டுத் துப்பிவிடுவதுதான் அந்த வேலையின் வழக்கம். வெற்றிலை கிடையாது, மூக்குப்பொடி கிடையாது, பச்சை வெங்காயம் கிடையாது. வெற்றிலை போடாத வாயும் ஒரு வாயா என்று என் மாமியார் அலுத்துக்கொள்வார். துப்புகிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு எழுந்து போய் வாய்க்காலோரம் துப்பிவிட்டு வந்தார். பெண் வீட்டார் முகம் கறுத்துவிட்டது. பிடித்தால்தான் அவர் துப்புவார், பிடிக்காவிட்டால் கிண்ணத்தையே தொடமாட்டார் என்று மாமனார் போய்ச் சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று.

அவருடைய வேலைதான் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். நானும் மாமியாரும் இரண்டாங்கட்டில் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தோம். பிரான்சிலிருந்து மூன்று தினுசுச் சிவப்பு ஒயின் பீப்பாய்களில் வரும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைத் திராட்சை, அவற்றை அளவு பார்த்துக் கலந்து, வருஷா வருஷம் ஒரே முகத்தோடு வருகிற ஒயினாக்குவதுதான் வேலை என்றார். மூன்றில் எது உசத்தி என்று கேட்டேன். அவர் சிரித்தார். அப்படிக் கேட்கவே கூடாது என்றார். ஒன்று துவர்ப்பு. நெட்டுக்குத்தாக நின்று வாயை இழுத்துப் பிடிக்கும். அது மாமியார். இரண்டாவது பழுத்த பழம் மாதிரி மெத்தென்று இருக்கும். எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் தனியாக விட்டால் சோம்பிப் படுத்துவிடும். அது மருமகள். மூன்றாவது புளிப்பும் மணமுமாகத் துள்ளும். கொஞ்சம் இருந்தால் வீடு கலகலப்பாக இருக்கும், கூடினால் சண்டை. அது நாத்தனார்.

என் மாமியார் குழவியை நிறுத்திவிட்டு, மருமகளைப் பற்றி அவர் சொன்னது ரொம்பச் சரி என்றார். சைகோன்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. "மூணு பேரும் வீட்டுல இருக்கணுங்க. ஆனா வாசல்ல நின்னு கேட்டா ஒருத்தர் குரலும் தனியாக் கேக்கக்கூடாது. அதான் கலவை" என்றார்.

அவருக்குச் சைகோனில் ஒரு மகள் இருந்தாள். அந்த ஊர்ப் பெண்ணை மாதா கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருந்தார். அந்த அம்மாள் இறந்தபோது குழந்தைக்கு ஐந்து வயது. இவர் ஆவூருக்குக் கிளம்பியபோது எட்டு. பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஆறே மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆறு வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் ஆவூர்த் திருவிழாவில் அவளுக்காக ஒரு ஜோடி கண்ணாடி வளையல் வாங்குவார். போன வருஷத்து வளையலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வருஷம் மணிக்கட்டு எவ்வளவு பருத்திருக்கும் என்று குத்துமதிப்பாக ஒரு சுற்றுப் பெரிதாகக் கேட்பார். தாயாரின் காரியம் முடிந்தும் ஏன் திரும்பிப் போகவில்லை என்று மாமனார் பலமுறை கேட்டிருக்கிறார். போகலாம் அய்யா, போகலாம் என்பதோடு சரி. இத்தனை பாசம் உள்ளவர் ஏன் இப்படி மழுப்புகிறார் என்று எனக்கு அவர் மேல் உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது.

யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை அறுப்பு முடிந்த சமயம், அந்தக் கிட்டங்கி முதலாளியிடமிருந்து ஒரு கடிதமும் ஒரு மரப்பெட்டியும் வந்தன. துரை ஏதோ வியாபார விஷயமாகச் சென்னை வருகிறார். அப்படியே எங்கள் ஊருக்கும் வந்து மாமனாரைப் பார்க்கப்போகிறார். பெட்டியில் மூன்று தினுசில் நாலு நாலாகப் பன்னிரண்டு புட்டிகள். பழைய முறைப்படி கலந்து வைக்கவேண்டும். அது சரியாக இருந்தால் சைகோன்காரரைத் திரும்பும் கப்பலில் தன்னோடு அழைத்துக்கொண்டு போவார். கடிதத்தை உரக்கப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். மாமனார், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேலே ஒன்றுமில்லை, கையெழுத்துத்தான் என்றார்.

அன்று சாயங்காலமே அவர் ஆவூர் மாதா கோயிலில் பூசை வைக்கக் கிளம்பினார். பெட்டியைக் குளிர்ச்சியாக, இருட்டாக, ஆட்டாமல் வைக்கவேண்டும் என்று மாமனாரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனார். மாமனார் பெரிய மனதோடு யோசித்து, வீட்டிலேயே இருட்டான இடம், பூட்டுப் போட்ட இடம் என்று நெல் பத்தாயத்துக்குள் அதை இறக்கி, மேலே நெல்லைத் தள்ளி மூடிவிட்டார். களத்திலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத, ஈரம் உலராத நெல். வாழைத்தாரைப் பழுக்கப் போடுவதற்கு நாங்கள் தேடுகிற சூடு அது. ஐந்தாம் நாள் திரும்பி வந்த சைகோன்காரர் பத்தாயத்துக்குள் முழங்கை வரை கையை விட்டார். சூடு பட்டுச் சட்டென்று வெளியே எடுத்தார். பெட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு ஊறுகாய் ஜாடி அறைக்குப் போனார்.

அடிவரிசையில் இருந்தவை மருமகள் புட்டிகள். தக்கைகள் இரண்டு லேசாக மேலே எழும்பியிருந்தன. ஒன்றைத் திறந்து தம்ளரில் ஊற்றி, மூக்கருகே பிடித்து, ஒரு வாய் உருட்டித் துப்பினார். ஒன்றும் கெடவில்லை, தப்பித்துவிட்டது என்றார். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். கெட்ட நாற்றம் என்றால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். எனக்குத் தெரிந்த வாசனை என்பதால் வாய் முந்திக்கொண்டது.

"கருகின கருப்பட்டி வாசம் அடிக்குதுங்களே. ஒங்களுக்குத் தெரியலையா?" என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். எதையோ ரொம்ப நேரம் சுமந்து வந்தவர் இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"ஆறு வருஷமா எனக்கு மூக்கு இல்லைங்க, ஆச்சி" என்றார். "ஆத்தா செத்த மறுமாசம் விஷசுரம் வந்துச்சு. உசுரை விட்டுட்டு வாசத்தை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. நாக்குல புளிப்பு, துவர்ப்பு, உப்பு தெரியும். மத்ததெல்லாம் நீங்க சொல்றதுதான். நீங்க சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் நான் சோறு திங்கிறேன்."

கவளத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாடம் நடத்துகிறார் என்றும், பெரிய ருசிக்காரர் என்ற மிதப்பு என்றும் நானும் டிரைவரும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம். மூக்கை நம்பியே இருபது வருஷம் பிழைத்தவர், மூக்கு இல்லாமல் எந்த முகத்தோடு போய் நிற்பார்? அதுதான் அந்த மழுப்பல். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சொல்கிறேன், நீங்கள் கலந்துவிடுங்கள் என்றேன். வீட்டுப் பொம்பிளையை இதில் இழுத்தால் அய்யாவுக்கு அவப்பேர் என்று பதறினார். மகளைப் பார்க்கவேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அவர் எழுந்து தம்ளரைக் கழுவப் போனார்.

மாமனார் காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டால் மதியம்தான் வருவார். அந்த நேரம் எங்களுக்குப் போதுமாக இருந்தது. அளவு பார்க்க எங்களிடம் இருந்தது குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடை ஒன்றுதான். அதில் மூன்று தினுசையும் அளந்து அளந்து தம்ளரில் விடுவார். நான் முகர்ந்து, வாயில் விட்டு, படிக்கத்தில் துப்பிவிட்டுச் சொல்லவேண்டும். முதல் நாள் எனக்கு எல்லாமே ஒரே புளித்த வாடையாக இருந்தது. அவர் விடவில்லை. முதலில் யார் வருகிறார்கள், அவர் போன பிறகு யார் நிற்கிறார்கள், நாக்கின் ஓரத்திலா நடுவிலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் மருமகளில் நாவல்பழம் தெரிந்தது. நாத்தனாரில் காய்ந்த ரோஜா இதழ் தெரிந்தது. மாமியாரில், சொன்னால் சிரிப்பீர்கள், கான்வென்ட்டில் நாங்கள் சீவிப்போடுகிற பென்சில் சுருளின் வாசனை. அவர் சிரிக்கவில்லை. "ஆமாங்க, அதேதான். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள் நான் படிக்கத்தின் மேல் குனிந்திருந்தபோது கதவைத் திறந்துகொண்டு என் மாமியார் வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சைகோன்காரர் எழுந்து கை கட்டி நின்று, ஒன்றையும் மறைக்காமல் மூக்கு போனது, துரை வருவது, மகள், எல்லாவற்றையும் சொன்னார். மாமியார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இதுல எதுய்யா மாமியார்?"

அவர் காட்டினார். மாமியார் முகர்ந்தார். வாயில் விட்டார். முகம் சுருங்கியது. துப்பிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அத்திப்பிஞ்சு. வாயை வறட்டுது" என்றவர் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு, "ஆனா இது இல்லாட்டி அது ரெண்டும் நிக்காது. சரிஞ்சு போயிரும்" என்றார். இருபது வருஷத்து வேலையை அந்த அம்மாள் ஒரு வாயில் சொல்லிவிட்டார் என்று சைகோன்காரர் பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மாமியார் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "என் மகனும் கடலுக்கு அங்கிட்டுத்தான் இருக்கான். அந்தப் புள்ளை அப்பன் வருவான்னு பாத்துக்கிட்டு இருக்கும். ஊத்துய்யா" என்றார்.

கருகலை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மிக மோசமாகக் கெட்ட இரண்டு புட்டிகளை ஒதுக்கிவிட்டோம். மீதி இரண்டிலும் லேசான கருகல் இருந்தது. நாத்தனாரைக் கூட்டி ஊற்றி அமுக்கிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார். மறைக்க நினைத்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கும், அதற்கு ஒரு துணை கொடுக்கவேண்டும் என்றார். மாமியார் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கூட்டினார். எனக்குக் கிராம்பு வாசனை வந்தது. என் மாமியாருக்கு மிளகு. நாங்கள் இரண்டு பேரும் சண்டைக்குப் போய்விட்டோம். அவர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, இன்னும் அரைப் பாலாடை விட்டார். கருகல் எங்கேயும் போகவில்லை. ஆனால் அது விறகடுப்பில் வாட்டின வாசனையாக மாறி, இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. யாரையும் வீட்டை விட்டுத் துரத்தாமல் வீட்டைச் சரி செய்கிற சாமர்த்தியம் எனக்குத் தெரிந்து அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஒன்பது நாள் ஆயிற்று. நாலு புட்டியில் அடைத்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற ஈர மணலில் படுக்க வைத்தோம். கடைசி நாள் மிச்சத்தை வீணாக்கக்கூடாது என்று ஒரு வாய் விழுங்கிவிட்டேன். காது இரண்டும் சுட்டன. அந்த ஒயினின் ருசியை நான் இன்றைக்கும் சொல்வேன். முதலில் நாவல்பழம் வரும். அது வந்துவிட்டதே என்று நினைப்பதற்குள் ரோஜாவும் மிளகும் பின்னாலேயே நிற்கும். யார் முந்தி என்று தெரியாது. இனித்துக் கிடக்காது. கடைசியில் துவர்ப்பு வந்து வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகும். ஆட்டுக்கறிச் சுக்காவைத் தின்றுவிட்டு ஒரு வாய், மறுபடி சுக்கா என்று போனால் ஒன்று மற்றதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்றில் எதையும் தனியாகக் குடித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. சேர்ந்தபோது பிடித்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

துரை ஒரு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். முன்கட்டு ஹாலில் மேஜை. நானும் மாமியாரும் உள்கதவின் பின்னால் நின்றோம். வெள்ளைக்காரர் முன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் வந்து நின்றதில்லை. சைகோன்காரர் துரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஊற்றினார், மொழிபெயர்த்தார். துரை தம்ளரைச் சுழற்றி முகர்ந்தார். குடித்தார். கறியை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு மறுபடி குடித்தார். பிறகு திரும்பி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிச் சிரித்தார். பழைய கை அப்படியே இருக்கிறதாம் என்று சைகோன்காரர் மாமனாருக்குச் சொன்னார். மாமியார் இருட்டில் என் கையைப் பிடித்து நெரித்தார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு தம்ளரில் ஊற்றி அவரிடமே நீட்டினார். முகர்ந்து, பழையபடி அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும், கேட்டு எத்தனை நாளாயிற்று என்றாராம். சைகோன்காரர் அதை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்தார். ஒன்பது நாள் நாங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு மனப்பாடம். ஒப்பித்தால் போதும், மகளிடம் போய்விடலாம். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் தம்ளரை மேஜையில் வைத்தார். பிரெஞ்சில் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசினார். துரையின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

மாமனாருக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும். மூக்கே இல்லையென்றால் பிறகு யார் கலந்தது என்று தமிழில் அதட்டினார்.

"அதை மட்டும் கேக்காதீங்க அய்யா" என்றார் சைகோன்காரர்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். புட்டியில் பொய் இல்லையே, வாயில் மட்டும் எதற்கு என்றார். எனக்கு அப்போது அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை வேறு யார் மேலும் வந்ததில்லை. அந்த மதியத்தில் மரியாதை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. துரை வாய் துடைக்கிற துண்டை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வருத்தமாக ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

அப்போது என் மாமியார் என் கையை விட்டார். கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குள் போனார். மேஜைக்கு நாலடி தள்ளி நின்றார்.

"என் மூக்கு. என் மருமக மூக்கு. கலந்த கை இவரு கை. இதைத் துரைகிட்டச் சொல்லுங்க" என்றார்.

சைகோன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எங்களைக் காட்டிக்கொடுத்து அந்தக் கப்பலில் ஏற அவருக்கு மனமில்லை. மாமனார் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷத்தில் மாமியார் அப்படி வெளியே வந்து நின்று அவர் பார்த்ததில்லை. இடி விழப்போகிறது என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு துரையின் பக்கம் திரும்பினார். தன் ஓட்டைக் கடைத்தெருப் பிரெஞ்சில், மனைவியைக் கையால் காட்டி, தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, அதை அவரே சொன்னார்.

துரை எழுந்து நின்றார். மாமியாரைப் பார்த்து ஒன்று கேட்டார். அப்படியானால் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார் என்றார் மாமனார்.

மாமியார் யோசிக்கவே இல்லை. "முதல்ல நாவப்பழம். அப்புறம் ரோசாவும் மெளகும், கொஞ்சம் அடுப்பு வாட்டலும். கடைசியில அத்திப்பிஞ்சு வந்து வாயைத் தொடைச்சுவிட்டுட்டுப் போகுது. ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க பொறுத்துக்கிறாங்க" என்றார்.

அதைச் சைகோன்காரர்தான் மொழிபெயர்த்தார். துரை கேட்டுவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்தார். உட்கார்ந்தார். கிட்டங்கியில் புட்டி கழுவுகிற பெண்கள் இருபது பேர் இருக்கிறார்கள், அவர்களில் மூக்கு உள்ளவள் யார் என்று கண்டுபிடித்து, அவள் சொல்வதைக் கேட்டு இவர் கலக்கட்டும் என்றார். மாமனார் அதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

துரையின் கார் போன பிறகு மாமனார் மாமியாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். துப்பினாயா, விழுங்கினாயா என்றார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் சைகோன்காரர் கிளம்பினார். தகரப்பெட்டியில் ஆறு ஜோடி வளையல்கள் துணியில் சுற்றி இருந்தன. மாமியார் ஆவக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தார். என் கணவருக்கு நான் கொடுத்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போய்ட்டு வாரேன் ஆச்சி என்று கும்பிட்டார். வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். யுத்தம் வந்து கப்பல்கள் நின்ற பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அதற்கு முன்னால் என் கணவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பல் வந்த அன்று அவரும் துறைமுகத்துக்குப் போயிருந்தாராம். பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு உயரமான பெண் நின்றிருந்தாளாம். அப்பாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த ஊரில் பிள்ளைகளை உதட்டால் முத்தமிடுவதில்லையாம். மூக்கை அவர்கள் மேல் வைத்து மூச்சை உள்ளே இழுப்பார்களாம். சைகோன்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய், அவள் உச்சந்தலையில் மூக்கைப் பதித்துக்கொண்டு நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள் திட்டிக்கொண்டே இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை. விறைத்து நின்ற பெண் பிறகு தன் மூக்கை அவர் கழுத்தில் வைத்தாள் என்று எழுதியிருந்தார்.

நான் படித்துக்காட்டியதை மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். கீரையைத் தள்ளி வைத்தார்.

"வாசம் வந்திருக்கும்த்தா" என்றார்.

அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார். என்னால் படிக்க முடியவில்லை.